சென்னைக்குக் குடிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு: அன்பியத்தில் சேரும் வழி

எங்கள் இரண்டாவது மகளின் திருமுழுக்குக்கு (ஞானஸ்நானத்துக்கு) நாங்களாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். ஊரிலிருந்து அம்மா, அப்பா வருவதற்கு ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு படிவத்தை நீட்டி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார். "இங்க அன்பியப் பொறுப்பாளர் கையெழுத்து வேணும்."

மூன்று வருடமாக அதே கோவிலில் ஞாயிறு தவறாமல் பூசை கண்டவன் நான். அன்பியம் என்ற சொல் பூசை முடிவில் வாசிக்கும் அறிவிப்பில் வரும். அது காதில் விழுந்தால் செருப்பைத் தேடலாம் என்று அர்த்தம். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு. அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி விவிலியம் வாசித்துச் செபிக்கும் சிறு குழு அது என்பது பிறகுதான் தெரிந்தது.

பொறுப்பாளர் எங்கள் அடுத்த தெருவில்தான் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, படிவத்தை முழுவதும் படித்துவிட்டுச் சொன்னார்: "உங்களை நான் பார்த்ததே இல்லையே தம்பி, எதைத் தெரியும்னு நான் கையெழுத்துப் போடறது?" பதில் சொல்ல முடியவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தோம். திருமுழுக்கு நடந்தது பதினோரு வாரம் கழித்து.

அந்தப் பதினோரு வாரத்தில் நான் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது தமிழ்நாட்டின் இலத்தீன் வழிபாட்டுமுறைப் பங்குகளுக்குப் பொருந்தும் (தமிழ்க் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் இந்த முறையைச் சேர்ந்தவர்கள்). சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளிலும் வீட்டு ஜெபக்குழுக்கள் உண்டு. அவற்றின் நடைமுறை வேறு. பங்குக்குப் பங்கு சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் பங்கு எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் இந்தக் கேள்வியே எழாது. நான் திருச்செந்தூர் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவன். கோவில் மணி கேட்காத வீடு அங்கே கிடையாது. யார் வீட்டில் யார் பிறந்தார், யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பதெல்லாம் கோவில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியாருக்கு மனப்பாடம். நகரத்தில் நாம் பூசை நேரத்தைப் பார்த்து, பார்க்கிங் பார்த்து, பாட்டுக்குழு நன்றாகப் பாடுகிறதா என்று பார்த்துக் கோவிலுக்குப் போகிறோம். ஆனால் திருச்சபைக் கணக்கில் பங்கு என்பது எல்லை வகுத்த நிலப்பகுதி. உங்கள் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதுதான் உங்கள் பங்கு. நீங்கள் எந்தக் கோவிலில் பூசை காண்கிறீர்கள் என்பது இதில் சேராது.

முகவரியில் சென்னை என்று இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். ஓர் ஆயரின் கீழ் வரும் பங்குகள் எல்லாம் சேர்ந்ததுதான் மறைமாவட்டம். 2002 இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. தாம்பரம் பக்கம் வீடு எடுத்தால் நீங்கள் இருப்பது செங்கல்பட்டு மறைமாவட்டத்தில். ஊர்ப் பங்கிலிருந்து கடிதம் வாங்கும்போது மறைமாவட்டத்தின் பெயரைத் தவறாக எழுதி வாங்கிவந்தால் மறுபடி அலைய வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் கோவிலின் அலுவலகத்தில் தெருப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "இந்தத் தெரு எங்களுக்கு வராது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்" என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள். பல அலுவலகங்கள் திங்கட்கிழமை திறக்காது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு போனால் கூட்டம் நெரியும். வேலைநாளில் மாலைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போவது நல்லது.

"வாடகை வீடுதானே, எத்தனை நாள் இருப்போமோ" என்று தயங்க வேண்டாம். திருச்சபைச் சட்டத்தின் 102 ஆம் எண்ணின்படி, மூன்று மாதமாவது தங்கும் எண்ணத்தோடு வந்தாலே, அல்லது மூன்று மாதம் தங்கிவிட்டாலே, அந்தப் பங்கு உங்களுக்கும் உரியது. சொந்த வீடு வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை.

தனி வழிபாட்டுமுறை கொண்ட கேரளத்துச் சீரோ மலபார் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு சொல்: நீங்கள் இலத்தீன் பங்கின் அன்பியத்தில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். ஆனால் திருமுழுக்கு, திருமணம் போன்றவற்றுக்கு உங்கள் வழிபாட்டுமுறையின் பங்குத்தந்தையிடம்தான் முதலில் பேச வேண்டும். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இருப்பவர்களுக்காக 2017 இல் ஓசூர் மறைமாவட்டம் உருவாகியிருக்கிறது.

2. ஊரிலிருந்து வாங்கிவர வேண்டியவை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேண்டிய காகிதங்கள் இவை: கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் திருமுழுக்குச் சான்றிதழ், கோவிலில் கொடுத்த திருமணச் சான்றிதழ், புதுநன்மை, உறுதிப்பூசுதல் வாங்கிய தேதியும் கோவிலும் தெரியும்படி ஏதாவது ஒரு காகிதம், "இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்தது, பாக்கி எதுவும் இல்லை" என்று ஊர்ப் பங்குத்தந்தை தரும் கடிதம். இந்தக் கடிதத்தைக் கேட்காத பங்குகளும் உண்டு. கேட்கிற பங்கில் அது இல்லாமல் நின்றால் மறுபடி ஊருக்கு ஓட வேண்டும், ஆகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு ஆதார் நகலும், வாடகை ஒப்பந்தம் அல்லது கேஸ் ரசீதின் நகலும் வேண்டும். சில பங்குகளில் குடும்பப் புகைப்படமும் கேட்பார்கள்.

எதையும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

திருமுழுக்குச் சான்றிதழ் எடுப்பதில் மூன்று சிக்கல் வரும். முதலாவது, பதிவேடு இருக்கும் இடம். நாங்கள் திருமுழுக்குப் பெற்ற கோவில் அன்று கிளைக் கோவில். பதிவேடு தாய்ப்பங்கில் இருந்தது. பிறகு கிளை தனிப் பங்கானது, ஆனால் பழைய பதிவேடு தாய்ப்பங்கிலேயே தங்கிவிட்டது. நான் புதுப் பங்குக்கு இரண்டு முறை போன் போட்டு, "அந்த வருஷத்துப் புத்தகம் எங்ககிட்ட இல்ல" என்ற பதிலை இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். உங்களுடையது கிளைக் கிராமம் என்றால், அந்த வருடத்தில் அது எந்தப் பங்கின் கீழ் இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பிறகு போன் போடுங்கள்.

இரண்டாவது, பெயர். பதிவேட்டில் புனிதர் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்த பெயர் ஒன்று, ஆதாரில் இன்னொன்று. மிக்கேல் என்று திருமுழுக்குப் பெற்று, பள்ளியில் செல்வக்குமாராகி, ஆதாரில் எம். செல்வகுமார் ஆனவர்கள் நம்மிடையே ஏராளம். சான்றிதழ் வாங்கும்போதே, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று பங்குத்தந்தையிடம் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். இதற்காகவே தனியாக ஒரு நடை போவது வீண்.

மூன்றாவது, காலம். ஊர்த் திருவிழாவின் பத்து நாள், புனித வாரம், டிசம்பர் கடைசி ஆகிய நாட்களில் பழைய பதிவேட்டைப் புரட்ட யாருக்கும் நேரம் இருக்காது. பல மறைமாவட்டங்களில் மே, ஜூனில் பங்குத்தந்தையர் மாற்றம் நடக்கும். போகிறவர் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார், வருகிறவருக்கு அலமாரிச் சாவி எது என்று தெரிந்திருக்காது. மற்ற நாட்களில் நேரில் போனால் அன்றே கிடைக்கும். தபாலிலோ ஆள் மூலமோ என்றால் இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். திருமுழுக்குத் தேதி, பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் (திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்கள்) பெயர் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் தேடுவது எளிது. தேதி தெரியாவிட்டால் பிறந்த தேதியையாவது கொடுங்கள். எங்கள் ஊரில் ஒரு சான்றிதழுக்கு 100 ரூபாய் கொடுத்தேன்.

3. பங்கில் பதிவு செய்யுங்கள்

இது சுலபம். குடும்பப் படிவத்தை நிரப்பி, நகல்களை இணைத்து, அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பங்குத்தந்தை ஐந்து நிமிடம் பேசுவார். குடும்ப அட்டை ஒன்று தருவார்கள்; எங்களுக்கு இரண்டு வாரத்தில் கிடைத்தது.

படிவத்தில் "அன்பியம்" என்று ஒரு கட்டம் இருக்கும். பலரும் அதை வெறுமையாக விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படி விடாதீர்கள். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் வருகிறது, பொறுப்பாளர் யார், அவருடைய எண் என்ன என்று அங்கேயே கேட்டு நிரப்புங்கள். பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயரில் இருக்கும். "புனித அந்தோணியார் அன்பியம்" என்று சொன்னால் எந்த அந்தோணியார் என்று மறுபடி கேளுங்கள், தெருவை வைத்து இரண்டாகப் பிரித்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருப்பார்கள்.

4. பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள், வெறுங்கையோடு

வெறுங்கையோடு என்றால் படிவம் இல்லாமல். முதல் சந்திப்பிலேயே கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினால், அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை கூட்டத்துக்குப் போனாலும் "கையெழுத்துக்கு வந்தவர்" தான். நான் அந்தப் பெயரைத் துடைக்க ஒரு வருடம் ஆனது.

போன் செய்து, மாலை ஆறு ஏழு மணிக்குக் குடும்பத்தோடு போங்கள். "அக்கா, நாங்க இந்தத் தெருவுக்குப் புதுசா வந்திருக்கோம், அடுத்த கூட்டம் எப்போ?" என்று கேட்டால் போதும். அவர்கள் சம்பளம் வாங்கும் அலுவலர்கள் அல்ல. முப்பது நாற்பது வீட்டுக்குப் படியேறி இறங்குகிற அக்காமார்களும் அண்ணன்மார்களும்தான். அவர்களாகவே வந்து அழைப்பது பெரிய உதவி, அதற்காகக் காத்திருக்காதீர்கள். கதவைத் தட்டியபோது நீங்கள் அலுவலகத்தில் இருந்திருப்பீர்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். சொல்லுங்கள். அதற்கு மேல் எந்தத் தெரு, யார் மகன் என்று யாராவது தோண்டினால், அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் சொல்லும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. நான் "கடற்கரைத் தெரு" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். எங்கள் அன்பியத்தில் அந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார், அவரும் இப்போது கேட்பதில்லை.

5. முதல் கூட்டம்

எங்கள் அன்பியம் மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வீட்டில் கூடும். ஒன்றரை மணி நேரம். ஏழு என்றால் ஏழேகாலுக்கு ஆரம்பிக்கும், ஆனால் நீங்கள் புதியவர், ஏழுக்கே போய் உட்காருங்கள். வீட்டுக்காரர் பாய் விரிப்பதற்கு ஒரு கை கொடுத்தாலே பாதி அறிமுகம் முடிந்துவிடும்.

விவிலியம் எடுத்துப் போங்கள். 1995 இல் வந்த பொது மொழிபெயர்ப்புதான் எல்லோரிடமும் இருக்கும். புரோட்டஸ்டன்ட் சபைகளின் மொழிபெயர்ப்பைக் கொண்டுபோனால் தப்பில்லை, வாசிக்கும்போது மட்டும் தடுமாறுவீர்கள். அங்கே 'திருத்தூதர் பணிகள்' என்றால் உங்களிடம் 'அப்போஸ்தலர் நடபடிகள்' இருக்கும். தோபித்து, சீராக் போன்ற நூல்களைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது.

பெரும்பாலான அன்பியங்களில் நற்செய்திப் பகிர்வு ஏழு படிகளாக நடக்கும். தென்னாப்பிரிக்காவில் லும்கோ என்ற நிறுவனத்தில் உருவான முறை இது. ஒருவர் எளிய சொற்களில் ஆண்டவரை அழைப்பார். பிறகு பகுதியை வாசிப்பார்கள், வழக்கமாக வருகிற ஞாயிறுக்கான நற்செய்தி. மூன்றாவது படியில், மனதைத் தொட்ட ஒரு சொல்லையோ சின்னச் சொற்றொடரையோ யார் வேண்டுமானாலும் உரக்க மூன்று முறை சொல்லலாம். நடுவில் சற்று மௌனம். அதோடு சரி, விளக்கம் கிடையாது. நான்காவது, சில நிமிடம் முழு அமைதி. ஐந்தாவதில்தான் பகிர்வு. ஆறாவது, நாம் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலை என்ன என்று பேசுவது. ஏழாவது, அவரவர் சொந்தச் சொற்களில் மன்றாட்டு.

எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. நான் போன முதல் கூட்டத்தில் வாசித்தது லூக்கா 5 ஆம் அதிகாரம், பேதுரு இரவெல்லாம் வலை போட்டும் மீன் படாத பகுதி. கடற்கரைக்காரன் அல்லவா, மூன்றாவது படியிலேயே ஆரம்பித்துவிட்டேன்: இரவில் ஏன் வலை போடுவார்கள், பகலில் மீன் ஏன் கீழே இறங்கும், வலையில் எத்தனை வகை என்று ஐந்து நிமிடம். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நான் முடித்ததும் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "இரவு முழுவதும்" என்றார். நிறுத்தி, மறுபடியும் "இரவு முழுவதும்." மூன்றாவது முறை குரல் சரியாக வரவில்லை. அவர் மகன் அரசு மருத்துவமனையில் இருந்ததும், வார்டுக்கு வெளியே அவர் நான்கு இரவாகத் தரையில் உட்கார்ந்திருந்ததும் பகிர்வின்போதுதான் தெரிந்தது. ஆறாவது படியில் யார் எந்த இரவு அவருக்குத் துணைக்குப் போவது என்று பட்டியல் போட்டார்கள். திங்கட்கிழமை இரவு எனக்கு வந்தது.

பகிர்வில் "நாம் எல்லோரும் இப்படி இருக்க வேண்டும்" என்று பேசாதீர்கள். அதற்குப் பங்குத்தந்தையின் மறையுரை இருக்கிறது. "எனக்கு இந்த வாரம் இப்படி ஆனது" என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும். ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆறாவது படியை நேரமில்லை என்று தாண்டிவிடும் அன்பியங்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதைத் தாண்டினால் மிஞ்சுவது பாட்டும் சுண்டலும்தான்.

மன்றாட்டில் ஒரு பொறி இருக்கிறது. "எங்க மேல்மாடியில ஒரு பொண்ணு, வீட்டை விட்டுப் போயிட்டா, அவளுக்காக வேண்டிக்குவோம்" என்று ஆரம்பித்தால் அது செபம் மாதிரித்தான் தெரியும், மறுநாள் தெரு முழுக்க அதே பேச்சாக இருக்கும். மற்றவர் விஷயத்துக்குப் பெயரும் மாடியும் சொல்லாமல் வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகாதீர்கள்.

6. உங்கள் வீட்டு முறை வரும்போது

நான்கைந்து மாதத்தில் உங்கள் முறை வந்துவிடும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்: எத்தனை பேர், எத்தனை மணி வரை, மைக் கிடையாது. அடுக்குமாடியில் சங்கச் செயலாளருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் மாடியில் வந்த ஒரே புகார் பாட்டுச் சத்தத்தைப் பற்றி அல்ல; படிக்கட்டில் குவிந்த முப்பது ஜோடிச் செருப்பைப் பற்றி. இப்போது ஒரு பழைய போர்வையை மொட்டைமாடிப் படியில் விரித்து எல்லாவற்றையும் அங்கே விடச் சொல்கிறோம்.

ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுவர்த்தி, விவிலியம். மின்விசிறிக் காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருக்கும், கண்ணாடிக் குவளைக்குள் வையுங்கள். உட்கார இடம் போதாதென்றால் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிடலாம்.

அப்புறம் சாப்பாடு. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் டீயும் பிஸ்கட்டும், அடுத்த வீட்டில் டீயும் சுண்டலும், அதற்கடுத்த வீட்டில் கேசரி, பஜ்ஜி, கடைசியில் ஒருவர் இட்லி, வடைகறி என்று பந்தியே போட்டார். அந்தப் பந்திக்கு அடுத்த முறை வந்த குடும்பம் "வீட்டுல உடம்பு சரியில்ல" என்றது. அதற்கடுத்த குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்து அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், மூன்று பிள்ளைகள். இருபத்தைந்து பேருக்கு டிபன் எங்கே போடுவார்? காரணம் எங்களுக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. இப்போது எங்கள் அன்பியத்தில் விதி: டீ, அதோடு ஒரே ஒரு பண்டம், யார் வீடாக இருந்தாலும். சுண்டலுக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலை, பால், டீத்தூள் எல்லாம் சேர்த்து எனக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. நீங்கள் வசதியானவர் என்றால் இதில் கை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் செபமாலை மாதம் என்பதால் பல பங்குகளில் தினமும் ஒரு வீட்டில் செபமாலை இருக்கும். அது முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், பண்டம் எதுவும் தேவையில்லை. வீட்டில் முதல் முறை நடத்தத் தயங்குபவர்கள் அந்த மாதத்தில் பெயர் கொடுக்கலாம்.

7. காசு எவ்வளவு ஆகும்

பங்குக்கு ஆண்டு வரி ஒன்று உண்டு. சில இடங்களில் சந்தா என்பார்கள். எங்கள் பங்கில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 600 ரூபாய். அன்பியத்தில் மாதம் 50. அந்த 50 அன்பியத்துக்குள்ளேயே ஏழைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், இறப்பு வீட்டுச் செலவு போன்றவற்றுக்குப் போகிறது. பங்குத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஓர் அன்பியம் பொறுப்பெடுக்கும், அதற்குத் தனியாகப் பிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். குடும்ப அட்டையில் வரி கட்டிய வருடத்தைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருடப் பாக்கி, மகளின் கல்யாண ஓலைக்கு (கோவிலில் வாசிக்கும் திருமண அறிவிப்புக்கு) போகும்போது மொத்தமாக வந்து நிற்கும்.

கட்ட முடியாத நிலை என்றால் பொறுப்பாளரிடமோ பங்குத்தந்தையிடமோ நேரடியாகச் சொல்லுங்கள். தேவையில் இருப்பவர்கள் ஏழ்மை காரணமாக அருளடையாளங்களை (திருமுழுக்கு, திருமணம் போன்றவற்றை) இழந்துவிடக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 848 தெளிவாகச் சொல்கிறது.

8. கையெழுத்து தேவைப்படும் நாள்

திருமுழுக்கு: பிறந்த முதல் சில வாரங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் (எண் 867). குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பேசி வையுங்கள் என்பது என் அனுபவம். பொறுப்பாளர் கையெழுத்து என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. குழந்தை கத்தோலிக்க நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்ற உறுதியான எதிர்பார்ப்பு வேண்டும் என்றுதான் 868 ஆம் எண்ணில் இருக்கிறது. ஊரில் அதை உபதேசியார் சொல்லிவிடுவார். ஆயிரம் குடும்பம் உள்ள நகரப் பங்கில், நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மாறிப்போகும் பங்குத்தந்தைக்கு அதைச் சொல்ல, உங்கள் தெருவில் உங்களைப் பார்த்த ஓர் ஆள் வேண்டும். எனக்கு இது புரிந்தபோது அந்த ஆசிரியை மேல் இருந்த கோபம் போய்விட்டது. குழந்தை உயிர் ஆபத்தில் இருந்தால் இந்தக் காகிதம் எதுவும் வேண்டாம். உடனே கொடுக்கலாம், அவசரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஞானப் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தவறு செய்கிறார்கள். ஒருவர் இருந்தால் போதும். இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். 16 வயது முடிந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும். அலுவலக நண்பர் சி.எஸ்.ஐ. என்றால் அவர் கத்தோலிக்க ஞானப் பெற்றோர் ஒருவரோடு சேர்ந்து சாட்சியாக நிற்கலாம், தனியாக முடியாது. கேக்குக்குச் சொல்லிவிட்டு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

புதுநன்மை, உறுதிப்பூசுதல்: ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் வருகை இருக்க வேண்டும். வகுப்பு ஜூனில் தொடங்கும். பாதியில் போய்ச் சேர்த்தால் ஒரு வருடம் தள்ளிப்போகலாம்.

திருமணம்: குறைந்தது மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். திருமுழுக்குச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும், வழக்கமாக ஆறு மாதத்துக்குள். அம்மா பீரோவில் முப்பது வருடமாகப் பாதுகாத்த காகிதம் செல்லாது. திருமணம் ஆனால் அதைத் திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். புதிய சான்றிதழில்தான் அப்படி ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று தெரியும். திருமண ஆயத்தப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பயிற்சி மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் நடக்கும், மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் இதுதான் முதல் தலைவலி. இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடையில்லை என்ற கடிதம் வர வேண்டும். இதற்கெல்லாம் முதல் காகிதமாகப் பொறுப்பாளரின் கையெழுத்தைக் கேட்கும் பங்குகள் பல. மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பங்குத்தந்தையிடம் தேதி கேளுங்கள். தவக்காலத்தில் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள்.

9. வாட்ஸாப் குழு

சேர்த்துவிடுவார்கள். இரண்டு மாதம் வெறும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும். பிறகு யாராவது சீட்டு, காப்பீடு, சத்துமாவு விற்கத் தொடங்குவார்கள், தேர்தல் சமயத்தில் வேறு மாதிரி. அன்பியத்தில் அறிமுகமானவர் என்ற ஒரே காரணத்துக்காகச் சீட்டில் சேராதீர்கள், கைமாற்றும் கொடுக்காதீர்கள். பணம் போவதோடு, அந்த ஆளும் நீங்களும் ஒரே பாயில் உட்கார்ந்து செபம் சொல்ல முடியாமல் போகும்.

10. வீடு மாறும்போது

ஒரே பங்குக்குள் தெரு மாறினால் அலுவலகத்தில் சொல்லி அன்பியத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பங்கு மாறினால், வரியை முடித்து, பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்கி, குடும்ப அட்டையின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பங்கில் ஊர்க் காகிதம் தேட வேண்டிய வேலை மிச்சம். சாமான் ஏற்றும் வாரத்தில் இதைச் செய்ய முடியாது, ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பொறுப்பாளரிடம் சொல்லிக்கொண்டு போங்கள். புதுப் பங்கில் பொறுப்பாளர் யார் என்று பல நேரம் அவருக்கே தெரிந்திருக்கும், அங்கே ஒரு போன் போட்டும் விடுவார்.

அன்பியத்தின் பாட்டுப் புத்தகம் உங்கள் வீட்டில் தங்கியிருந்தால் பெட்டி கட்டுவதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் பழைய அன்பியத்தின் இரண்டு புத்தகங்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன, அந்த ஆசிரியை ஒவ்வொரு முறை போன் செய்யும்போதும் அதைக் கேட்கிறார்.